வாக்குச் சீட்டும் மதுக் கோப்பையும்

"18 வயதில் நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கலாம், மதுவை மட்டும் தொடலாகாதா?" என்று படித்த இளைஞர் சிலர் நம்மிடம் வினவுகின்றனர். வினாவில் கூர்மை உண்டு. நியாயம் இல்லை என்பதே நம் துணிபு.

சட்டம் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒவ்வொரு வயதை வகுத்துள்ளது. மக்களவைக்குப் போட்டியிட 25 வயது நிறைய வேண்டும். குடியரசுத் தலைவராக 35. ஆண்மகன் மணம் முடிக்க 21. இவற்றை உரிமைப் பறிப்பு என்பார் எவருமிலர். தமிழ்நாட்டில் மது வாங்க 21 என்னும் வரம்பு மட்டும் எங்ஙனம் அநீதியாகும்?

இவ்வாதம் புதியதுமன்று. அமெரிக்காவில் 1971இல் வாக்களிக்கும் வயது 18 ஆயிற்று. அதையே காரணம் காட்டிப் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன. இளம் ஓட்டுநர்களின் விபத்துகள் பெருகின. 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்க இசையும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்று 1984இல் நடுவண் சட்டம் வந்தது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்குத் திரும்பின. தனிமனித உரிமையைப் பெரிதாய்ப் பேசும் நாடு, பிள்ளைகளைப் புதைத்த பின் கற்ற பாடம் இது. அதை நாமும் புதைத்துத்தான் கற்க வேண்டுமா?

"தடுத்தால் கள்ளச்சாராயத்தை நாடுவரே, 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனரே" என்பாரும் உளர். அங்கே உயிர் குடித்தது மெத்தனால். மாண்டவருள் பெரும்பாலோர் வயது வந்த கூலித் தொழிலாளர். வயது வரம்பா அவர்களைக் கடையினின்று துரத்தியது?

ஆயினும் ஏட்டிலுள்ள வரம்பு எவரைக் காக்கும்? மதுவிலக்கை நாடி உழைக்குமாறு அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு அரசைப் பணிக்கிறது. அவ்வரசோ 2003 முதல் டாஸ்மாக் வழியே சில்லறைக் கடைகளைத் தானே நடத்துகிறது. வருவாயை எண்ணும் கை, வாங்க வந்தவனின் வயதைக் கேட்குமா?

அரசைச் சாடும் நாம் மட்டும் குற்றமற்றவரோ? திருமண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்களுக்கெனத் தனி அறை. அங்கே கல்லூரி மாணவனுக்கு முதற்கோப்பையை நீட்டுபவர் அவனுடைய தாய்மாமன். திருவிழா இரவில் தேர் உலா வருகிறது; கோவிலுக்குப் பின்னே புட்டிகள் உருள்கின்றன. "கானாவூரில் ஆண்டவரே இரசம் கொடுத்தாரே" என நகைப்போர்க்கு ஒன்று சொல்வோம்: அவர் ஒரு வீட்டின் தலைகுனிவைத் துடைத்தார்; நாமோ வீடுதோறும் தலைகுனிவை ஊற்றிக் கொடுக்கிறோம்.

பங்குப் பணியில் இளைஞரை அடக்கம் செய்த நாள்கள் நமக்கு உண்டு. கல்லறைத் தோட்டத்தில் தாய் ஒருத்தி கேட்டாள்: "சாமி, எம் புள்ளைக்கு மொதல்ல ஊத்திக் கொடுத்தது யாரு?" நாம் விடையின்றி நின்றோம். அந்த விடை நம் இல்லத்துள் ஒருவர் பெயராக இராதபடி, இன்றே நம் விருந்துகளிலிருந்து தொடங்குவோம்.