மற்றொரு சாவி எங்கே?

பழைய காரைக் கிரயம் பேசுகிறவர்கள், டயரின் தேய்மானத்தையும் ஆர்.சி. புத்தகத்தையும் படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவர் இட்ட கையொப்பத்தையும் வெகு சிரத்தையுடன் பரிசோதித்துவிட்டு, மற்றொரு சாவி எங்கே என்று மட்டும் கேளாமல் வந்துவிடுவது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. வண்டி களவு போனால் இன்ஷூரன்ஸ்காரர் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். தெருமுனைச் சாவிக்காரர் ராவிக் கொடுக்கும் வெறும் நகலோ, இம்மொபிலைசர் என்னும் களவுத்தடுப்புக் கருவி உள்ள வண்டியில் கதவைத் திறக்குமேயன்றி, சாவியின் தலைக்குள் நெல்மணி அளவில் உறங்கும் சில்லின் சங்கேதம் இல்லாமையால், எஞ்சினைக் கிளப்பாது. காணாமற்போன சாவி எவர் கையில் இருக்கிறதோ என்ற சந்தேகம் உள்ளவர்கள் (சந்தேகப்படுவதே நியாயம்), வண்டியிலுள்ள பழைய சாவிப் பதிவுகளை அழித்துப் புதுச் சாவிகளைப் பதியச் செய்து, அச்செலவை விலையிலேயே கழித்துக்கொள்வது உசிதம். கிடைத்த மறுசாவியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டும் புத்திசாலிகளைப் பற்றி என்ன சொல்ல!