லிட்டர் கணக்கா, சத்துக் கணக்கா?

குமாரபாளையம் வட்டாரத்தில் ஒன்றிரண்டு கறவைகளை வைத்துக் காலந்தள்ளும் சிறு விவசாயிகள் ஏராளம். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கும்போது, "வேளைக்கு எத்தனை லிட்டர்?" என்பதே இவர்களுடைய முதல் கேள்வி. பாலில் சத்து எப்படி என்று கேட்பவர் குறைவு. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பணம் கிடைப்பது அளவுக்கு மட்டுமல்ல; கொழுப்புக்கும் இதரச் சத்துக்கும் சேர்த்துத்தான். 2023 டிசம்பரில் ஆவின் கொள்முதல் விலை உயர்ந்தபோது பசும்பாலுக்கு லிட்டர் 38 ரூபாய், எருமைப் பாலுக்கு 47 ரூபாய் என்று ஆயிற்று. சத்துக்குத்தான் இந்த விலை வித்தியாசம்.

பாலின் சத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மாட்டின் இனம். ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் பாலில் கொழுப்பு சுமார் 3.5 சதவீதம். ஜெர்சியில் 4.5 முதல் 5 வரை இருக்கும். எருமைப் பாலில் சுமார் 7 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபிரீசியன் பால் 10 லிட்டரில் சுமார் 350 கிராம் கொழுப்பு. ஜெர்சி பால் 8 லிட்டரிலும், எருமைப் பால் 5 லிட்டரிலும் ஏறக்குறைய அதே கொழுப்புதான். ஃபிரீசியன் உடல் பருத்த மாடு. அதற்குத் தீவனமும் அதிகம், வெயிலும் தாங்காது.

தீவனத்தால் சத்தைக் கூட்ட முடியாதா என்று கேட்கலாம். ஓரளவு முடியும். சோளத்தட்டு, வைக்கோல் போன்ற நார்த்தீவனம் குறைந்து தவிடும் மாவும் மிகுந்தால் கொழுப்பு இறங்கும். பசுந்தீவனத்துடன் பிண்ணாக்கும் அளவாகக் கொடுத்தால் இதரச் சத்து நிற்கும். மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். எனவே ஒட்டக் கறக்க வேண்டும். ஆயினும், எத்தனை பிண்ணாக்கு வைத்தாலும் ஃபிரீசியன் பால் எருமைப் பாலாகிவிடாது.

ஆகவே சேலம், நாமக்கல் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பினமே ஏற்றது. தண்ணீர் வசதி உள்ளவர்களுக்கு எருமையும் லாபம் தரும். ஃபிரீசியன் குளிர்ந்த மலைப்பகுதிக்கு உகந்தது. காங்கேயம் பசுவைப் பால் அளவுக்காக வாங்கினால் ஏமாற்றமே. அது உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். அதைக் கண்ட காளையோடு கலந்து கெடுப்பதும் தவறு.

நாளைய பாலின் தரம் இன்று போடும் சினை ஊசியிலேயே தொடங்குகிறது. விந்துக் குச்சியில் காளையின் இனமும் எண்ணும் அச்சிட்டிருக்கும். ஊசி போடுபவர் அவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். விவசாயியும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். சங்கங்களும் ஒவ்வொரு வேளையும் கொழுப்பு, இதரச் சத்து இரண்டையும் குறித்துச் சீட்டுத் தருவது அவசியம். அந்தச் சீட்டு கையில் இருந்தால்தான் எந்த மாடு உழைப்புக்குப் பலன் தருகிறது, எது தீவனத்தை மட்டும் தின்கிறது என்பது விளங்கும்.