மனநல வார்டில் கேட்கப்படும் முதல் கேள்வி

மனநலச் செவிலியர் படிப்பில் 'பிறரோடு பழகும் திறன்' ஒரு முக்கியமான பாடம். முகம் பார்த்துப் பேசு, குறுக்கே பேசாமல் கேள், நோயாளியை எடைபோடாதே என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதினோம். எனக்குச் சொல்லித்தரப்பட்ட அந்தப் பாடத்தில் சாதி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் வார்டுக்குள் நுழைந்த முதல் நாளிலிருந்து நான் பார்ப்பது அதைத்தான்.

இத்துறைக்கு அடித்தளமிட்ட அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லாவ், 1952இல் வெளியான தன் நூலில், செவிலியரும் நோயாளியும் முதலில் அந்நியர்களாகவே சந்திக்கிறார்கள் என்கிறார். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தரும் மரியாதையிலிருந்துதான் நம்பிக்கை வளரும். இங்கே யாரை நாம் அந்நியராக இருக்க விடுகிறோம்? "எந்த ஊரு?" என்பது முதல் கேள்வி. "ஊருக்குள்ளயா, காலனியா?" என்பது அடுத்தது. பதில் வந்த மறுநொடி 'வாங்க' என்பது 'வா' என்றாகிறது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நம் நாக்கிலிருந்து அதை நீக்குவது யார்?

நான் வேலை பார்த்த ஒரு வார்டில், சிகிச்சையின் பகுதி என்று சொல்லி நோயாளிகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், ஒருவர் நோட்டில் கணக்கு எழுதுவார். துடைப்பம் யார் கைக்குப் போகும் என்பது கேஸ் ஷீட்டில் எழுதாமலேயே எல்லோருக்கும் தெரியும்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. சாதி மறுத்துக் காதலித்த ஓர் இளைஞன் "என்னை வெட்ட வர்றாங்க" என்று நடுங்கினால், அதைப் பிரமை என்று உடனே எழுதிவிடலாமா? 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட மண் இது. அது நோயா, நியாயமான அச்சமா என்று பிரித்தறிய அவன் ஊரில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கச் சாதியின் கொடுமை தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் எவ்வளவு கனிவாகச் சிரித்தாலும் பயனில்லை.

"ராத்திரி டியூட்டியில் ஆளே இல்லை, இதற்கெல்லாம் நேரமேது?" என்று தோழிகள் கேட்கிறார்கள். ஆள் பற்றாக்குறை உண்மைதான். காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லிப் போராடத்தான் வேண்டும். ஆனால் ஒருவரை 'வாங்க' என்று அழைக்கக் கூடுதல் ஆளும் வேண்டாம், நேரமும் வேண்டாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவில், சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று சொல்லியே இருக்கிறது. சட்டம் சொல்வதைப் பாடத்திட்டமும் சொல்லட்டும். வார்டு வேலைகள் சுழற்சி முறையில் நடக்கட்டும். நோயாளியைச் சேர்க்கும்போது அந்த இரண்டாவது கேள்வி நிற்கட்டும். பழகும் திறன் என்பது இனிக்கப் பேசுவதல்ல. எதிரில் இருப்பவரைச் சமமான மனிதராக நடத்துவது.