வாள் ராணியும் சாவிக்காரர்களும்

டாரட் சீட்டில் வாள் ராணி வந்தால் வைதவ்யம், மலட்டுத்தனம், துக்கம், பிரிவு. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் 1911ல் வெளியிட்ட புத்தகத்தில் பட்டியல் இப்படித்தான் போகிறது. இன்றைய கையேடுகள் விதவையை வெளியே அனுப்பிவிட்டு, தெளிந்த புத்தியும் தனித்து நிற்கும் தைரியமும் உள்ள பெண் என்கின்றன. பட்டியல் மாறியிருக்கிறது; பட்டியல் போடும் மனோபாவம் மாறவில்லை. கவிதையில் பாம்பு வந்தால் காமம், கிணறு வந்தால் ஆழ்மனம் என்று அடுக்குகிற நம் விமர்சகர்களுக்கும் இந்தக் கையேட்டுக்காரர்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் ஒரு சீட்டைப் பற்றி இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் படம். 1909ல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. ராணி பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். வலது கையில் வாள் செங்குத்தாக நிற்கிறது. கிரீடத்தில் வண்ணத்துப்பூச்சிகள். கீழே திரண்ட மேகம், மேலே ஒரே ஒரு பறவை. இடது கையை முன்னால் நீட்டியிருக்கிறாள். கிட்டே வா என்கிறாளா, அங்கேயே நில் என்கிறாளா? தீர்மானிக்க முடியாதபடி ஓவியர் அந்தக் கையை நிறுத்தியிருக்கிறார். படத்தின் உயிர் அந்தக் கையில்தான் இருக்கிறது. வெய்ட்டும் கையைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு முகத்துக்குத் தாவி, துக்கம் பழகிய முகம் என்கிறார். வாள் இருந்தும் இவளை அதிகாரத்தின் குறியீடாகக் கொள்வதற்கில்லை என்று முடிக்கிறார். வாளோடு சிம்மாசனத்தில் இருப்பவளைப் பார்த்து இப்படிச் சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

விதவை படத்திலிருந்து வந்தவளே இல்லை. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் குறிசொல்லி எட்டெய்லாவிடமே அவள் இருக்கிறாள். பழைய பட்டியலைப் புதிய படத்தின் மேல் ஒட்டியதுதான் நடந்தது.

‘ஆதி ஞானம்’ என்ற சமாச்சாரமும் இப்படித்தான். 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் டாரட் பிடி எடுத்து ஆடும் ஒரு சீட்டாட்டம். 22 துருப்புகள், 56 சாதாரணச் சீட்டுகள். அந்த 56ல் ராஜா, ராணி, குதிரைவீரன், சேவகன் என்று 16 அரசவைச் சீட்டுகள். ஐரோப்பியச் சீட்டுக்கு முன்னோடியான மாம்லுக் சீட்டில் ராஜாவும் இரண்டு பிரதிநிதிகளும் மட்டுமே, ராணி கிடையாது. ராணியே பிற்பாடு ஐரோப்பாவில் சேர்க்கப்பட்டவள். கூர் தெ ஷெப்லேன் இதெல்லாம் எகிப்திய ஞானம் என்று அறிவித்தது 1781ல். ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டியது 1822ல். எழுத்தே தெரியாத ஞானத்துக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே உரை தயார்!

1491ஐ ஒட்டிய சோலா புஸ்கா சீட்டில் வாள் ராணியின் பெயர் ஒலிம்பியாஸ், அலெக்ஸாண்டரின் தாய். அவளும் விதவைதான், ஆனால் அதிகாரமற்றவள் என்று அவளைப் பற்றிச் சொல்ல மாஸிடோனியாவில் யாருக்கும் தைரியம் இருந்திருக்காது. அலெய்ஸ்டர் குரோலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த ராணியின் கையில் தாடி வைத்த ஆண் தலை ஒன்று தொங்குகிறது. மூன்று ஓவியங்கள், மூன்று பெண்கள். இவர்களுக்கெல்லாம் ‘பின்னால்’ ஒரு நித்திய ராணி உட்கார்ந்திருக்கிறாள் என்பவர் படம் பார்க்கத் தெரியாதவர்.

சீட்டைச் சரியாகக் கையாண்டவர் இடாலோ கால்வினோ. 1973ல் முழுமையாக வந்த அவருடைய டாரட் நாவலில் ஒரே சீட்டு ஒரு கதையில் ஒருத்தி, அடுத்த கதையில் வேறொருத்தி. பக்கத்தில் எந்தச் சீட்டு விழுந்திருக்கிறது என்பதே அவளை ஆக்குகிறது. கவிதையில் சொல்லும் இப்படித்தான். எலியட்டாவது, சீட்டுக்கட்டின் அமைப்பு தனக்குச் சரியாகத் தெரியாது, வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன் என்று 1922லேயே குறிப்பு எழுதி ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கு உரை எழுதியவர்களுக்கு அந்த நேர்மை போதவில்லை. சீட்டுக்குச் சாவி தேடிக்கொண்டே இருந்தார்கள்.

பமேலா ஸ்மித் இந்த வேலையைப் பற்றி 1909ல் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை, காசு ரொம்பக் கொஞ்சம் என்கிறார். 1951ல் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். சீட்டுக்கட்டு பல காலம் பதிப்பாளர் ரைடர் பெயராலும் வெய்ட் பெயராலும்தான் அழைக்கப்பட்டது. ஓவியரின் முதலெழுத்துகள் மட்டும் ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் பின்னிக் கிடக்கின்றன.