காகிதக் கட்டு குறையட்டும். காணிக் கணக்கு குறையக் கூடாது

அரசு அலுவலகங்களில் பழைய காகிதக் கட்டுகளைக் குறைக்கும் வேலை இப்போது வேகமாக நடக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களில் 2021-ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அக்டோபர் மாதத்திலும் இதற்கென்றே தனி இயக்கம் நடத்தி, வேண்டாத கோப்புகளைக் கழித்து இடத்தைக் காலி செய்கிறார்கள். மாநில அலுவலகங்களிலும் கோப்புகள் கம்ப்யூட்டருக்கு மாறி வருகின்றன. தூத்துக்குடி போன்ற துறைமுக ஊரில் கப்பல் சரக்குக் கணக்குக்கு இது பெரிய வசதி. ஆனால் வருவாய்த் துறையின் பதிவறையில் கை வைக்கும்போது, அது சிறு விவசாயியின் நிலத்தையும் தொடுகிற வேலையாகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நில விஷயத்தில் நிலைமை வேறு. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழைத் தோட்டமானாலும் சரி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்து உளுந்து, மக்காச்சோளக் கரிசலானாலும் சரி, பட்டாவில் பெயர் இல்லாதவருக்குப் பயிர்க்கடன் கிடைப்பது கடினம். அடங்கலில் ஏறாத பயிருக்குக் காப்பீடு கேட்பதும் கடினம். உழுது விதைப்பது வயலில் என்றாலும், உரிமை நிற்பது ஏட்டில்தான்.

எல்லாக் காகிதத்தையும் என்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். தமிழ்நாட்டு அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடும் பழக்கம் வெகு காலமாக உண்டு. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று கோப்புகள் பிரிக்கப்படுகின்றன. ஆயுள் முடிந்த கோப்பை அந்தந்த ஆண்டே கழித்திருந்தால் பதிவறை நிரம்பி வழியாது. கழிக்காமல் விட்டதால்தான், வேண்டிய ஏடும் வேண்டாத தாளும் ஒரே கட்டில் கிடந்து கறையானுக்கு இரையாகின்றன. வேண்டாததைக் கழிப்பது வேண்டியதைக் காப்பாற்றும் வழி. களை எடுக்காத வயலில் பயிர் தேறுமா?

ஆனால் களை எது, பயிர் எது என்று தெரிந்தவர்தான் வயலில் இறங்க வேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம் போதும். 1979-இல் தொடங்கி 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமக் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. யு.டி.ஆர். என்றால் விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். ஏக்கர், சென்ட் என்றிருந்த பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் என்று மாறியது. அந்தச் சமயத்திலேயே, 1980-இல், பரம்பரைக் கர்ணம் பதவியும் ஒழிக்கப்பட்டது. பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இத்தனை மாற்றத்தில் பெயர் மாறியதும், பரப்பு குறைந்ததும், ஒருவர் நிலம் இன்னொருவர் பட்டாவில் ஏறியதும் பல ஊர்களில் நடந்தது. அந்தத் தவறுகளுக்கு இன்றும் மனுக்கள் கொடுக்கப்படுகின்றன. அவற்றைத் திருத்த வேண்டுமானால் யு.டி.ஆருக்கு முந்திய பதிவேட்டைப் பார்க்காமல் முடியாது. கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டது யு.டி.ஆருக்குப் பிந்திய கணக்கு. தவறும் அதனுடனேயே ஏறியிருக்கும். பழைய ஏடு போய்விட்டால் தவறே சாசனமாகிவிடும்.

தூத்துக்குடி மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1986 வரை இது திருநெல்வேலி மாவட்டமாக இருந்தது. அதன் பிறகு கயத்தாறு, ஏரல் என்று புதிய தாலுகாக்களும் வந்தன. எந்தக் கிராமத்தின் எந்தப் பதிவேடு எந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிறது என்ற பட்டியல் முதலில் வேண்டும். ஆவணங்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமே சொல்கிறது.

காகிதத்தையே நம்பி இருப்பதும் ஆபத்துதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் பெட்டியில் இருக்கும் பத்திரம் தப்பாது. கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டாவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, மூலத்தையும் பத்திரப்படுத்துவதுதான் முறை.

பழைய ஏட்டின் மதிப்பைக் கடலோரமும் காட்டுகிறது. தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக் குளிப்பு நடக்கவில்லை. ஆனால் பார்களைச் சோதித்து எழுதிய அறிக்கைகள் நின்றன. ஜேம்ஸ் ஹார்னல் சென்னை அரசுக்கு 1905-இல் கொடுத்த அறிக்கை அவற்றில் ஒன்று. சிப்பி எப்போது செழித்தது, எப்போது அற்றுப்போனது என்பதை இன்றைக்குச் சொல்வது அப்படிப்பட்ட காகிதங்கள்தான். அன்றைக்கே பழசு என்று எறிந்திருந்தால் அந்த அறிவும் போயிருக்கும்.

உண்மையில் காகிதம் பெருகுவது பதிவறையில் அல்ல. மனு வாங்கும் ஜன்னலில். பட்டா கொடுத்தது அரசு. அதே பட்டாவின் நகலைக் கடனுக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று, மானியத்துக்கு ஒன்று என்று விவசாயியிடம் கேட்பதும் அரசுதான். ஒரு துறையில் உள்ளதை இன்னொரு துறை தானே பார்த்துக்கொண்டால் பாதிக் கட்டு குறையும். விவசாயிக்கு ஜெராக்ஸ் செலவும் அலைச்சலும் மிச்சம்.

நிரந்தரப் பதிவேடு எதையும் ஸ்கேன் செய்து சரிபார்க்காமல் கழிக்கக் கூடாது. கழிக்கப் போகும் கிராமக் கணக்குகளின் பட்டியலை ஜமாபந்தியிலோ கிராம சபையிலோ முன்கூட்டி வாசித்து, ஆட்சேபம் கேட்க வேண்டும். அரசுக்கு இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

விவசாயிகளும் சும்மா இருக்கக் கூடாது. தங்கள் பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை அரசின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ எடுத்து, பெயரும் பரப்பும் தாய்ப் பத்திரத்துடன் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1 ஏர் என்பது சுமார் 2.47 சென்ட் என்பதை நினைவில் வைத்துக் கணக்கிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகலுக்கு உடனே மனுச் செய்வது நல்லது. ஏடு இருக்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும்.