காயம்பட்டவனுக்கு இடமில்லாத திறமை

வத்திராயிருப்பு டீக்கடையிலும் ராஜபாளையம் மில் வாசலிலும் ஒரு வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. "ரம்மியைத் தடை பண்ணினது சரிண்ணே. கிரிக்கெட்டுக்கு டீம் போடுறது எப்படிச் சூதாட்டம் ஆகும்? ஆட்டம் தெரிஞ்சவன் ஜெயிக்கிறான், தெரியாதவன் தோக்கிறான். அது மூளைக்கு வேலை." பிளவக்கல் அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்பவர்கள், இந்த விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசுகிறார்கள். காசு விட்டவர்கள்தான் இதை உரக்கச் சொல்கிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. (சட்டத்தின் கதை அவர்கள் சொல்வதற்கு நேர் தலைகீழ். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லிவிட்டது. டீம் போடும் ஃபேன்டஸி கிரிக்கெட் அந்தப் பெயரை வாங்க 2017 வரை காத்திருந்தது.)

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. ஃபேன்டஸி செயலியான ட்ரீம்11 பணப்போட்டிகளை நிறுத்தியது. இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அந்தப் பெயர் இறங்கியது. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. தடை முறையானதா என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். என் சண்டை, 'மூளைக்கு வேலை' என்ற அந்த நம்பிக்கையோடு. நம் ஊர்ப் பையன்கள் ராத்திரி ஏழரை மணிக்கு முன் அவசர அவசரமாகப் போட்ட டீம்களில் திறமைக்குப் பெரிய இடம் எதுவும் இருக்கவில்லை. அதைக் காட்ட சூதின் தீமை பற்றிய பிரசங்கம் வேண்டாம். ஒரு கேள்வி போதும்: நீங்கள் எடுத்த ஆட்டக்காரருக்கு அடிபட்டால் என்ன விதி?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பவர்கள் கனடாக்காரர்கள். அங்கே ஹாக்கி என்றால் நம் பக்கத்துக் கோவில்பட்டியில் ஆடும் ஹாக்கி இல்லை. பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டே ஆடுவது. என்ஹெச்எல் லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். பருவம் தொடங்கும் முன் ஆபீஸ் நண்பர்களோ அண்ணன் தம்பிகளோ பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, முறை வைத்து ஆட்டக்காரர்களை எடுக்கிறார்கள். ஒருவர் எடுத்துவிட்டால் அந்த ஆட்டக்காரர் அவருக்கு மட்டுமே சொந்தம். இதற்கு 'பூல்' என்று பெயர். எடுத்த அணியோடு ஆறு மாதம் குடும்பம் நடத்த வேண்டும்.

ஆறு மாதத்தில் எலும்பு முறியாமல் இருக்குமா, அதுவும் ஹாக்கியில்? அதனால் பெரும்பாலான பூல்களில் காயம்பட்டவருக்கென்று தனி இடம் உண்டு. லீக்கோ கிளப்போ ஒருவரைக் காயப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அவரை அந்த இடத்துக்கு மாற்றிவிட்டு, யாரும் எடுக்காமல் மிச்சமிருக்கும் ஆட்டக்காரர்களில் ஒருவரைக் கொண்டுவரலாம். அந்த இடங்கள் ஒன்றோ இரண்டோதான். அவர் குணமாகித் திரும்பினால் அணியில் சேர்த்தாக வேண்டும். சேர்க்க வேறொருவரைக் கழற்றிவிட வேண்டும். யாரைக் கழற்றுவது? மூன்று மாதம் வராத நட்சத்திரத்துக்காக அந்த இடத்தை அடைத்து வைப்பதா, இல்லை அவரைத் தள்ளிவிடுவதா? மூன்றாவது வழியும் இருக்கிறது. முதலிடத்தில் நிற்கும் நண்பரிடம் போய், "பிப்ரவரியில் இவர் திரும்பி வருவார், உனக்கு அவசரம் இல்லை, எனக்கு இன்றே ஆள் வேண்டும்" என்று பேரம் பேசி, அடிபட்டவரைக் கொடுத்து நல்ல நிலையில் இருக்கும் ஒருவரை வாங்கலாம். அதுதான் டிரேடு. பருவம் முடிவதற்குச் சில வாரம் முன்பே டிரேடுக்குக் கதவு சாத்திவிடுவார்கள். கடைசி இடத்தில் இருப்பவர் தன் நல்ல ஆட்களையெல்லாம் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்தால், மற்றவர்கள் வாக்குப் போட்டு ரத்து செய்யலாம்.

திருட்டுத்தனத்துக்கு அங்கேயும் குறைவில்லை. பூலை விடுங்கள், அசல் லீக்கிலேயே நடந்த கதை ஒன்று உண்டு. டாம்பா பே அணியின் நிகிதா குச்செரோவ் 2020-21 பருவத்தில் இடுப்பு அறுவை சிகிச்சை என்று லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. நீண்டகாலக் காயப் பட்டியலில் அவர் இருந்ததால், சம்பள உச்சவரம்பைத் தாண்டி வேறு ஆட்களுக்கு அணி செலவு செய்ய முடிந்தது. நாக்-அவுட் சுற்றுக்கு அப்போது அந்த வரம்பு இருக்கவில்லை. சுற்று தொடங்கியதும் மனிதர் வந்து இறங்கினார், எல்லாரையும்விட அதிகமாக 32 புள்ளி எடுத்தார், கோப்பையும் வந்தது. வரம்பைத் தாண்டிய தொகையையே பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு கொண்டாடினார். விதிக்குள்ளேதான் எல்லாம் நடந்தது. பல ஆண்டுச் சண்டைக்குப் பிறகு லீக் அந்த ஓட்டையை அடைத்தது. எனக்கு இதில் பிடித்தது, அந்த ஓட்டைக்காக அவர்கள் சண்டை போட்டதுதான். காயம் என்பது ஆட்டத்தின் பகுதி, அதற்கு நியாயமான கணக்கு வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அப்படிச் சண்டை போடுவார்கள்.

இப்போது நம் பையன்கள் ஆடியதைப் பார்ப்போம். ஓர் ஆட்டம். இரண்டு அணிகளிலிருந்து 11 பேர், 100 கிரெடிட்டுக்குள். கேப்டனுக்கு இரட்டிப்புப் புள்ளி, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. ஆட்டம் தொடங்கியதும் கதவு சாத்தப்படும். பிறகு உங்கள் மூளைக்கு வேலையே இல்லை. மூன்றரை மணி நேரம் போனைப் பார்த்துப் பதறுவதுதான் மிச்சம்.

2023 மார்ச் 31. அகமதாபாத்தில் அந்த ஆண்டு ஐபிஎல்லின் முதல் ஆட்டம், குஜராத்தும் சென்னையும். ருதுராஜ் கெய்க்வாட் தூக்கி அடித்த பந்தை எல்லைக்கோட்டில் தாவித் தடுக்கப்போன கேன் வில்லியம்சன் முழங்கால் மடங்கி விழுந்தார். அவர் பேட் பிடிக்கவே இல்லை. குஜராத் அணி என்ன செய்தது? அந்த ஆண்டுதான் வந்த இம்பாக்ட் பிளேயர் விதியைப் பயன்படுத்தி, நம் சென்னைப் பையன் சாய் சுதர்சனை அவர் இடத்தில் இறக்கியது. அவர் 22 ரன் எடுத்தார், குஜராத் ஜெயித்தது. அணி பிழைத்துக்கொண்டது. வில்லியம்சனைக் கேப்டனாகப் போட்டு 49 ரூபாய் கட்டிய ஆள் என்ன செய்திருக்க முடியும்? அவர் கணித்தது தவறே இல்லை: நிதானமான பேட்ஸ்மேன், மூன்றாவதாக இறங்குவார், இலக்கைத் துரத்தும்போது நின்று ஆடுவார். இருந்தும் ஒரு முழங்கால் அவர் அறிவையெல்லாம் கழித்துவிட்டது. திருத்திக்கொள்ள அடுத்த வாரம் கிடையாது, மாற்ற ஆள் கிடையாது, பேரம் பேச எதிரே ஒரு முகம்கூடக் கிடையாது.

"டாஸ் போட்டு லைன்-அப் வந்த பிறகு மாத்தலாமே" என்பார்கள். மாற்றலாம். பின்னாளில் பதினொருவரில் வராத ஆளுக்குப் பதிலாக மாற்று ஆளைத் தானே நுழைக்கும் வசதிகூட வந்தது. அதெல்லாம் ஆட்டத்துக்கு வராத ஆளுக்கான ஏற்பாடு. ஆட்டத்தில் விழுந்த ஆளுக்கு எதுவும் இல்லை.

அசல் கிரிக்கெட் காயத்துக்கு இடம் தரும் பக்கம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். தலையில் அடிபட்டவருக்குப் பதில் முழு மாற்று ஆட்டக்காரர் என்று 2019இல் ஐசிசி விதி கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதிலாக அப்படி இறங்கிய சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஐபிஎல் அணிகள் பருவத்தின் நடுவில் காயம்பட்டவருக்கு மாற்று வாங்கலாம். 2025இல் ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிவு என்றதும் ஆயுஷ் மாத்ரே வந்தார். நம் தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் அடிபட்டபோது டெவால்ட் பிரெவிஸ் வந்தார். டிரேடும் அப்படித்தான். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கும், ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கும் மாறியபோது, யாருக்கு லாபம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை வாசலில்கூட வாய்ச்சண்டை நடந்தது. அந்த வாய்ச்சண்டையில் இருந்ததுதான் கிரிக்கெட் அறிவு. அதைப் பயன்படுத்த செயலியில் ஒரு மூலைகூட இல்லை. கோடையில் வற்றிய கண்மாயில் நடக்கும் டென்னிஸ் பந்து டோர்னமென்டில்கூட டாஸுக்கு முன்னால் இரண்டு கேப்டனும் பேசிக்கொள்வார்கள்: நடுவில் ஒருத்தனுக்கு அடிபட்டால் வெளியே இருப்பவன் இறங்கலாமா, இறங்கினால் பந்து போடலாமா, ரன்னர் உண்டா. பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி நம் பக்கம்தான். காயம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் செயலிக்காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. காயத்துக்குப் பரிகாரமாக அவர்கள் கொடுத்தது வேறு ஒன்று: ஒரே போட்டியில் ஒருவரே 20 டீம் வரை போடலாம். வில்லியம்சன் கேப்டனாக ஒன்று, கில் கேப்டனாக ஒன்று, ரஷீத் கான் கேப்டனாக இன்னொன்று. யோசித்துப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தவனுக்கு எதற்கு 20 டீம்? தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன், ஒரே குலுக்கலுக்கு வரிசையாக இருபது சீட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்களை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்களை யாரும் திறமைசாலிகள் என்று சொன்னதில்லை.

நீதிமன்றமே திறமை என்று சொன்னதே என்றால், சொன்னது உண்மைதான். 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றமும் 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் சொல்லின. திறமை என்று வாதிடுபவர்கள் அமெரிக்காவைக் காட்டும்போது கையில் எடுக்கும் பழைய தீர்ப்பு ஒன்று உண்டு: 2007இல் நியூ ஜெர்சியில் வந்த ஹம்ஃப்ரி எதிர் வயாகாம். அந்த வழக்கு முழுப் பருவமும் நடக்கும் பூல்களைப் பற்றியது. அவற்றில் வெற்றி எதனால் வருகிறது என்று அந்த நீதிமன்றம் விளக்கியபோது சொன்னவை: ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, பருவத்தின் ஊடே டிரேடு செய்வது, சேர்ப்பதும் கழற்றுவதும், யாரை இறக்கி யாரை உட்கார வைப்பது என்று முடிவெடுப்பது. இதில் முதல் வேலை தவிர மற்ற ஒன்றும் நம் செயலியில் கிடையாது. அமெரிக்காவின் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் ஃபேன்டஸிக்கு விலக்குக் கொடுக்கும்போது, முடிவு பல ஆட்டங்களில் சேரும் கணக்கிலிருந்து வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. நம் ஊரில் ஒற்றை ஆட்டத்துக்கு அதே மரியாதை கிடைத்துவிட்டது. பூலுக்குக் கிடைத்த நற்சான்றைக் காட்டி வேறு சரக்கை விற்ற கதை இது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. எம்ஐடி பேராசிரியர் ஆனெட் ஹோசோய் குழு, ஃபேன்டூவல் நிறுவனத்தின் தரவை வைத்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, தினசரி ஃபேன்டஸியிலும் திறமை இருக்கிறது என்றே கண்டது. மறுக்கவில்லை. ஆனால் எப்படிக் கண்டார்கள்? பருவத்தின் முதல் பாதியில் ஜெயித்தவர் இரண்டாம் பாதியிலும் ஜெயிக்கிறாரா என்று, நூற்றுக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்து. திறமை தெரிய அத்தனை ஆட்டம் தேவைப்படுகிறது. அத்தனை ஆட்டம் யார் ஆடுகிறார்கள்? கணிப்பொறியும் கணக்கும் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் டீம் போடுபவர்கள். 2015 அமெரிக்க பேஸ்பால் பருவத்தின் முதல் பாதியில் இத்தகைய போட்டிகளின் லாபத்தில் 91 சதவீதம் வெறும் 1.3 சதவீதம் பேருக்குப் போனதாக மெக்கின்சி கணக்கிட்டது. திறமை இருந்தால் அங்கே இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, டெலிகிராமில் யாரோ கொடுத்த 'ஜாக்பாட் டீமை' அப்படியே பார்த்துப் போட்ட நம் பையனிடம் இருந்தது இன்னொருவரின் திறமைக்கு இரையாகும் வாய்ப்பு மட்டும்தான். டீமைக் காசுக்குக் கொடுக்கிறவன் அதை வைத்துத் தானே கோடி அடிக்க வேண்டியதுதானே என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அரசாங்கத்துக்கும் வாரியத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 2020 ஐபிஎல்லின் பெயரை 222 கோடிக்கு ட்ரீம்11க்கு விற்றது கிரிக்கெட் வாரியம். 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணம் முழுவதன் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி வசூலித்தது அரசு. கல்லா நிறைந்த பிறகு வந்த ஞானோதயத்துக்கு மாலை போட வேண்டியதில்லை.

காசு கட்டாமலே ஆடும் வழியும் உண்டு. இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கால்பந்தின் சொந்த ஃபேன்டஸி ஆட்டம் இலவசம். கட்டணமும் இல்லை, கோடி ரூபாய்ப் பரிசும் இல்லை. 15 பேர் அணி, பெஞ்சில் நான்கு பேர். எடுத்த ஆள் களமிறங்காவிட்டால் பெஞ்சில் இருப்பவரின் புள்ளி தானாகச் சேரும். வாரம் ஓர் ஆளை இலவசமாக மாற்றலாம், அதற்கு மேல் மாற்றினால் நான்கு புள்ளி கழியும். கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் தெரிந்தவன் பெருமைப்பட அங்கே உண்மையிலேயே இடம் இருக்கிறது.

ஆகவே, "அது மூளை ஆட்டம்ணே" என்று சொல்லும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஐபிஎல்லுக்குப் பத்துப் பேர் சேருங்கள். ஒரு பைசா கட்ட வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஓர் ஆட்டக்காரர் ஒருவருக்கே என்று முறை வைத்து எடுங்கள். காயம்பட்டவருக்கு ஆளுக்கு ஓர் இடம் வையுங்கள். டிரேடுக்கு ஒரு கடைசித் தேதி குறியுங்கள். அநியாய டிரேடை வாக்குப் போட்டு ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து யார் மேலே நிற்கிறார் என்று பாருங்கள். அவரைத் திறமைசாலி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.