மென்பந்து அணிக்குப் பணம் கொடுப்பது வணிகமா, வள்ளன்மையா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

விளம்பரம் என்றால் செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி, சுவரெழுத்து என்று வரிசையாகப் படித்து மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடுகிறோம். ஒரு நிறுவனம் ஒரு விளையாட்டு அணிக்குச் சட்டையும் மட்டையும் வாங்கிக் கொடுத்து, அந்தச் சட்டையில் தன் பெயரைப் பொறித்துவிடுவதும் விளம்பரமே. அப்படிச் செலவிடும் பணம் வேறு வழியில் பெட்டிக்குத் திரும்பி வருகின்றதா என்பதே என் கேள்வி. கிரிக்கெட்டை வைத்து இக்கேள்வியைக் கேட்பதில் பயனில்லை. கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆட்டத்திற்குப் பணம் கொடுப்பவன் ஏன் கொடுக்கிறான் என்று எவரும் வியப்பதில்லை. கூட்டம் குறைவாக வரும் ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால்தான் கணக்கின் உண்மை வெளிப்படும். எனவே மென்பந்தை, அதாவது சாப்ட்பால் ஆட்டத்தை, எடுத்துக்கொள்கிறேன்.

மென்பந்தைப் பேஸ்பாலின் தங்கை எனலாம். 1887-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், ஒரு படகுச் சங்கத்தின் கூடத்திற்குள், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையை மட்டையாக்கி இளைஞர்கள் ஆடியதில் இது பிறந்தது. பந்து பெரியது; அதைக் கீழ்க்கையால்தான் வீசுதல் வேண்டும்; ஏழு இன்னிங்சில் ஆட்டம் முடிந்துவிடும். சிறிய மைதானமே போதும். 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில், கையில் காசில்லாத தொழிலாளரும் மாலை வேளையில் ஆடத்தக்க ஆட்டமாக இது நாடெங்கும் பரவிற்று. (பெயரில்தான் மென்மை. மேலே பட்டவரைக் கேட்டால் தெரியும்.) தொழிலாளர் ஆட்டமாக வளர்ந்ததாலேயே தொடக்க முதல் இதன் புரவலர்களாக ஆலை முதலாளிகளும் தெருக் கடைக்காரர்களும் அமைந்தனர்.

தெருக் கடைக்காரரை முதலில் பார்ப்போம். அமெரிக்கச் சிற்றூர்களில் மதுக்கடைக்காரர், பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர், காப்பீட்டு முகவர் போன்றோர் உள்ளூர் அமெச்சூர் அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். இதில் வணிகம் உண்டா? ஐயமின்றி உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் தாகத்தோடு எங்கே போவார்கள்? சட்டையில் பெயர் எழுதியிருக்கும் கடைக்கே போவார்கள். சட்டைக்கான செலவை ஒரே பருவத்தில் எடுத்துவிடலாம். அந்நாட்டு வருமான வரித்துறையே, சிறு வணிகர் ஒரு பந்தாட்ட அணிக்கு உடைகளும் உதவியும் அளிக்கும் செலவை விளம்பரச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று 1970-இல் ஒரு தீர்மானம் வெளியிட்டது. வரித்துறை அதிகாரியே ஒப்புக்கொண்ட பின் நாம் மறுப்பதற்கு என்ன இருக்கிறது? சிறு முதல், அருகிலிருக்கும் வாடிக்கையாளர், நேரடிப் பயன்: இந்த இடத்தில் என் கேள்விக்கு விடை எளிது.

ஆலை முதலாளிகளிடம் வரும்போதுதான் விடை சிக்கலாகின்றது. இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில் ஃபிரெட் சோல்னர் என்பவரின் பிஸ்டன் தொழிற்சாலை இருந்தது. அவருடைய ‘சோல்னர் பிஸ்டன்ஸ்’ மென்பந்து அணி 1945, 1946, 1947 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றது. அவர் நடத்திய கூடைப்பந்து அணி 1957-இல் டெட்ராய்ட் நகருக்குப் பெயர்ந்து, ‘டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்’ என்ற பெயரில் இன்றும் ஆடுகின்றது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: பந்தாட்டம் பார்க்க வந்தவன் வீடு திரும்பும் வழியில் ஒரு பிஸ்டன் வாங்கிக்கொண்டா போவான்? பிஸ்டனை வாங்குவோர் இயந்திரம் செய்யும் நிறுவனத்தார். அவர்கள் பார்ப்பது விலையையும் தரத்தையும் மட்டுமே. ஆகவே பார்வையாளனை வாடிக்கையாளனாக எண்ணிக் கணக்குப் போட்டால் சோல்னரின் செலவு முழுவதும் நட்டமே. தம் ஆலைத் தொழிலாளருக்கு ஒரு பெருமிதம், தம் ஊருக்கு ஒரு பெயர், தமக்கு ஒரு மகிழ்ச்சி ஆகிய மூன்றுமே அவர் வாங்கிய பொருள்கள். மூன்றாவதன் பங்கு சற்றுக் கூடுதலாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி, இத்துறையில் எவரும் மறக்கவியலாத ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு என்னும் ஊரில் ரேபெஸ்டாஸ் நிறுவனம் 1919 முதல் வண்டிகளுக்கான பிரேக் லைனிங் செய்துவந்தது. 1947-இல் அது ஒரு மகளிர் மென்பந்து அணியைத் தொடங்கிற்று. அணியின் பெயர் ‘பிரேக்கெட்ஸ்’. பெயரிலேயே பிரேக் இருக்கிறது. அந்தப் பெயரை எவர் எங்கே சொன்னாலும் நிறுவனத்துக்குக் காசில்லாத விளம்பரம்! அணியும் சாதாரண அணியன்று. 1958-இல் முதல் தேசியப் பட்டம். 1971 முதல் 1978 வரை எட்டு ஆண்டுகள் இடைவிடாமல் பட்டம். 1965-இல் மெல்போர்னில் நடந்த முதல் மகளிர் உலகப் போட்டியில் அமெரிக்காவின் சார்பில் ஆடி இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. 1974-இல் அதே உலகப் போட்டி ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே நடந்தபோது வென்றது. ஏறத்தாழ 50,000 மக்கள் வாழும் ஓர் ஊருக்கு உலகப் போட்டி வந்ததென்றால், அந்த அணியே அதற்குக் காரணம்.

அவ்வணியின் பந்துவீச்சாளர் ஜோன் ஜாய்ஸ். பேஸ்பால் உலகில் ஈடிணையற்ற மட்டையாளர் எனப் புகழ்பெற்ற டெட் வில்லியம்ஸை, 1960-களின் தொடக்கத்தில் நிதி திரட்டுவதற்காக நடந்த ஒரு காட்சியாட்டத்தில், இப்பெண்மணி பந்து வீசித் திணறடித்தார். அச்செய்தி இன்றுவரை எழுதப்படுகின்றது. எழுதப்படும் போதெல்லாம் ‘ரேபெஸ்டாஸ்’ என்ற பெயரும் உடன் வருகின்றது. பிரேக் லைனிங் பிஸ்டனைப் போன்றதன்று. அது தேயும், மாற்ற வேண்டும், ஊர்தோறும் உள்ள பழுதுபார்க்கும் கடைக்காரர் அதைப் பெயர் சொல்லி வாங்குவார். ஆகவே ஊர் ஊராகச் சென்று ஆடும் ஓர் அணி இந்நிறுவனத்திற்கு உண்மையிலேயே பயன்பட்டிருக்கும். மேல்மட்ட அணி ஒன்றுக்குப் பணம் கொடுப்பது வணிக அறிவுக்கு உகந்ததே என்று வாதிடுவோருக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

நிற்க. அந்த பிரேக் லைனிங் எதனால் செய்யப்பட்டது? கல்நாரால். ஆலைக் கழிவை, தாழ்ந்த நிலங்களை மேடாக்க உதவும் மண் என்று சொல்லி, நிறுவனம் ஊராருக்கு இலவசமாகக் கொடுத்துவந்தது. அதில் கல்நார் மட்டுமன்றி ஈயமும் வேறு நச்சுப் பொருள்களும் இருந்தன. வீடுகளின் பின்புறத்திலும் பொது இடங்களிலும் அக்கழிவு கொட்டப்பட்டது. 1989-இல் ஆலை மூடப்பட்டது. 1995-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அவ்விடத்தை நாட்டில் முதன்மையாகத் தூய்மை செய்யப்பட வேண்டிய நச்சு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆலை நின்ற இடம் மூடி முத்திரையிடப்பட்டு அதன்மேல் கடைவளாகம் எழுந்தது. எல்லாவற்றிலும் கொடுமை என்னவென்றால், பிரேக்கெட்ஸ் ஆடிப் புகழ்பெற்ற அந்த ரேபெஸ்டாஸ் நினைவு மைதானமே இக்கழிவு நிறைந்த இடங்களுள் ஒன்று. ஊரில் பிற இடங்களிலிருந்து தோண்டியெடுக்கும் கழிவையும் அங்கேயே குவித்து மூடிவிடுவது என்று 2016-இல் முடிவாயிற்று.

பட்டங்கள் அத்தனையும் இந்தப் பழியை ஒரு துளியாவது குறைத்தனவா? இல்லை. அணிக்குப் பணம் கொடுத்தால் நிறுவனத்தின் நற்பெயர் வளரும் என்று விற்பனைத் துறையினர் சொல்வது ஓரளவுக்கே உண்மை. ஊராரின் அன்பு வீராங்கனைகளிடம் சென்றது. சினம் நிறுவனத்திடம் சென்றது. மக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. நிறுவனம் மறைந்தது. பிரேக்கெட்ஸ் அணியோ பின்னரும் பல்லாண்டுகள் ஆடிவந்தது. பிரேக் உதிரிப் பாகங்களில் ரேபெஸ்டாஸ் என்ற வணிகப்பெயரும் வேறு கைகளில் விற்பனையாகின்றது. மரம் போன பின்னும் அதன் பெயரில் நிழல் நிற்பதை வணிகவியலில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

தொழில்முறை அணிகளின் கதையை நீட்ட வேண்டியதில்லை. 1976-இல் தொடங்கிய மகளிர் தொழில்முறை லீக் நான்கே பருவங்கள் நடந்தது. நான்கிலும் ஜோன் ஜாய்ஸின் கனெக்டிகட் ஃபால்கன்ஸ் வென்றது. எப்போதும் ஒரே அணி வெல்லும் லீக்கைக் காசு கொடுத்துப் பார்க்க எத்தனை பேர் வருவர்? 2004-இல் ஆடத் தொடங்கிய இன்னொரு லீக் 2021-இல் மூடப்பட்டது. அதிலே 2016-இல் டெக்சஸ் அணியொன்று மோனிகா அபட் என்னும் பந்துவீச்சாளரோடு ஆறாண்டுக்குப் பத்து இலட்சம் டாலர் ஒப்பந்தம் செய்ததாகப் பெரிதும் பேசப்பட்டது. உள்ளே பார்த்தால் அடிப்படைச் சம்பளம் சிறியது. எஞ்சிய பெரும்பகுதி கூட்டம் எவ்வளவு வருகிறதோ அதைப் பொறுத்த ஊக்கத்தொகை. அதாவது இழப்பின் ஆபத்தை முதலாளி ஆட்டக்காரியின் தோள்மீது ஏற்றிவிட்டார்! அதே அணி 2020-இல் ஆடிக்கொண்டிருந்தபோது, தேசிய கீதத்திற்கு எல்லாரும் எழுந்து நிற்பதாக அணியின் பெயரில் மேலாளர் அரசியல் வாசனையோடு ஒரு செய்தி வெளியிட்டார். தங்களைக் கேளாமல் தங்கள் பெயரில் பேசியதைக் கண்டு வீராங்கனைகள் அத்தனை பேரும் அந்தப் பெயரில் இனி ஆடமாட்டோம் என்று வெளியேறினர். மட்டையாளரும் பந்துவீச்சாளரும் விளம்பரப் பலகைகள் அல்லர் என்பதைப் பலகைகளே எழுந்து நடந்து காட்டின.

இப்போது ஜப்பானுக்கு வருவோம். அங்கே மென்பந்து அணிகள் பலவற்றை நிறுவனங்களே நடத்துகின்றன. டொயோட்டா, ஹோண்டா, ஹிட்டாச்சி, டென்சோ எனப் பெரிய பெயர்கள். வீராங்கனைகளுள் பலர் அந்நிறுவனத்தின் பணியாளர்களே. நம்மூரில் இரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டு வீரர்க்கு வேலை கொடுத்து அணி நடத்துவதைப் போன்றது இது. 1968-இல் தொடங்கிய லீக் 2022-இல் 16 அணிகளோடு புதுவடிவம் பெற்றது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாட்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசி அமெரிக்காவை வென்று தங்கம் வாங்கித் தந்த உவேனோ யுகிகோ இவ்வகை அணியில் வளர்ந்தவர்தாம்.

அவருடைய தகாசாகி அணியின் கதையே என் வாதத்திற்கு அடித்தளம். அவ்வணி மின்னணுச் சில்லுகள் செய்யும் ரெனெசாஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. நிறுவனம் நட்டத்தில் தத்தளித்தது. 2015-இல் அணி பிக் கேமரா என்ற மின்சாதனக் கடை நிறுவனத்திற்குக் கைமாறிற்று. பிக் கேமரா அதே தகாசாகி ஊரில் தோன்றியது என்பதையும் கவனியுங்கள். சில்லு செய்பவனுக்குப் பார்வையாளர் எவரும் வாடிக்கையாளர் அல்லர்; கடை நடத்துபவனுக்கோ ஒவ்வொரு பார்வையாளரும் நாளை ஒரு குளிர்பெட்டி வாங்கக்கூடியவர். ஆட்டம் மாறவில்லை, ஆட்டக்காரியர் மாறவில்லை. ஒரு பேரேட்டில் வீண்செலவாக இருந்தது மற்றொரு பேரேட்டில் முதலீடாயிற்று. எனவே, ‘மென்பந்து அணிக்குப் பணம் கொடுப்பது ஆதாயமா?’ என்று பொதுவில் கேட்பதே தவறு. எதை விற்பவர், எந்த ஊரில், யாருக்கு விற்பவர் என்று கேட்ட பிறகே விடை சொல்ல முடியும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் சொல்வார்கள்: அமெரிக்காவில் கல்லூரி மென்பந்து இப்போது தொலைக்காட்சியில் இலட்சக்கணக்கானோரை ஈர்க்கின்றது, நைஜாரி கனடி என்ற கல்லூரி மாணவி 2024-இல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்திற்கு மாறியபோது ஓராண்டுக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் பெற்றார், 2025-இல் புதிதாகத் தொடங்கிய தொழில்முறை லீக்கில் பேஸ்பாலின் மேஜர் லீக்கே பணம் போட்டிருக்கிறது, ஆகவே மேல்மட்ட மென்பந்தில் காசு இருக்கிறது என்று. நானும் மகிழ்கிறேன். ஆனால் கனடிக்குப் பணம் தந்தது பல்கலைக்கழகத்தின் ஆர்வலர்கள் சேர்ந்து அமைத்த ஒரு குழு. இலாபம் எதிர்பாராமல் கொடுக்கும் பணத்திற்குப் பக்தி என்று பெயர். அதை வணிகம் என்று ஐந்தொகையில் எழுதினால் தணிக்கையாளர் சிரிப்பார்.

கணக்கில் ஒருபோதும் வராத ஒரு பகுதியும் உண்டு. புரவலர் விலகிக்கொண்டால் நிறுவனத்திற்கு ஒரு செலவுத் தலைப்பு குறைகின்றது. இருபது பெண்களுக்குப் பிழைப்பே போகின்றது. ஒலிம்பிக்கிலிருந்து மென்பந்தை நீக்க 2005-இல் வாக்களித்தார்கள். 2008-க்குப் பின் அது டோக்கியோவில், 2021-இல்தான் மீண்டும் ஆடப்பட்டது. 2024 பாரிசில் இடமில்லை. 2028-இல் மீண்டும் இடம். இவ்வாறு ஏறியிறங்கும் ஆட்டத்தில் ஒலிம்பிக் ஆண்டில் மட்டும் தலைகாட்டும் புரவலரைவிட, சட்டை மட்டும் வாங்கிக்கொடுத்துவிட்டு ஆண்டுதோறும் மறவாமல் வரும் மதுக்கடைக்காரர் மேல். பெரிய நிறுவனம் ஒன்று என்னிடம் ஆலோசனை கேட்டால் (கேட்கப்போவதில்லை என்பது தெரியும்), ஐந்தாண்டுக்குக் குறையாத ஒப்பந்தம், விலகுவதாயின் ஓராண்டு முன்னறிவிப்பு, ஆட்டக்காரியருக்கு ஆட்டம் முடிந்த பின்னும் நீடிக்கும் வேலை ஆகியவற்றை முதலில் எழுதச் சொல்வேன். இவற்றை எழுதிய பிறகும் கணக்கு இடம் கொடுக்கிறதென்றால் தாராளமாகச் சட்டையில் பெயரைப் பொறித்துக்கொள்ளட்டும்.

2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்சில் நடந்தாலும் மென்பந்து ஆட்டங்கள் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓக்லஹோமா நகரில் நடைபெறும். நல்ல மைதானம் அங்கேதான் இருக்கிறது. அதற்குள் பல நிறுவனங்கள் பணத்தோடு வரிசையில் நிற்கும். 2029-இல் அந்த வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க நான் ஆவலாயிருக்கிறேன்.